குழாய் வெடித்த நாளிலிருந்து எண்ணினால்

சலவைக்கூடத்துச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது உண்மைதான். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் தேதி சொல்லிப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பாய்லர்தான் அடையாளம். பாய்லர் நின்றபோது வாங்கிய செருப்பு, பாய்லர் நிற்பதற்கு முந்தின வாரம் வந்த காய்ச்சல், பாய்லர் மறுபடி ஓடிய அன்று நிச்சயமான கல்யாணம் என்றுதான் பேச்சு ஓடும். பாய்லர் நின்றால் நீராவி கிடையாது, நீராவி இல்லையென்றால் வேலை கிடையாது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அப்படிப்பட்ட நாளை யார் மறப்பார்கள்?

அந்தப் பாய்லரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் நீராவி அக்கா. நாற்பத்தாறு வயது. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் விரிப்புகள் அத்தனையும் அவள் திறந்துவிடும் நீராவியில்தான் சுத்தமாகும். காது செவிடாகும் அந்த இரைச்சலில் இருபது வருஷம் நின்றதால் அவளுக்கு மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டில் உப்பு கேட்டால்கூட மூன்றாவது வீட்டுக்காரி உப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள் என்று அவள் தம்பி கேலி செய்வான்.

தம்பி அதே கூடத்தின் வண்டியை ஓட்டினான். அம்மா செத்தபோது அவனுக்குப் பத்து வயது. தூக்கி வளர்த்தது அக்காதான். அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, ஆறு வருஷம் குழந்தை இல்லையென்று புருஷன்காரன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள்தான், பிறகு அது அவள் வீடு. தம்பி மனைவிக்கு மடிப்பு மேசையில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அந்தப் பெண்ணின் கை வேகத்தைப் பார்த்துக் கூடத்தில் எல்லோரும் அவளுக்கு மடிப்பு என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு விரிப்பை நாலு அசைவில் மடித்து அடுக்குவாள், ஒரு முனை வெளியே தெரியாது. வாய் மட்டும் அவ்வளவாகத் திறக்காது. ஒன்பது வயதில் ஒரு பெண்ணும் ஆறு வயதில் ஒரு பையனும் இருந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மடிப்பு தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, தனக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, மூன்று மாதம் தாண்டிவிட்டது என்றாள். அவளுக்கு மாதவிலக்கு முன்னே பின்னே வருவது வழக்கம் என்பதால் இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டாள். கடைசியாக வந்தது பாய்லர் நின்றபோது. நாள்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டு "நிறுத்தம்" என்று எழுதியிருந்த தேதியிலிருந்து எண்ணிப் பார்த்திருக்கிறாள், பதின்மூன்று வாரம். மேசையில் எதிரே நிற்கும் மூத்தவள் ஒருத்தி, மூன்று மாதம் தாண்டினால் எந்த டாக்டரும் தொடமாட்டார், இனிமேல் பெற்றுக்கொள்வதுதான் வழி என்று அடித்துச் சொல்லிவிட்டாளாம். இதையெல்லாம் மடிப்பு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். வந்தது வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

நீராவி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தை மறைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "நீ பெத்து மட்டும் குடு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். பால் புட்டிலேருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் எல்லாம் என் பொறுப்பு," என்றாள். மடிப்பு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். கூச்சம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் அக்கா பாய்லர் பக்கம் பாட்டு முணுமுணுத்தாள். அவள் பாட்டுச் சத்தம் துவைப்பு இயந்திரங்களையே தோற்கடித்தது. ஆனால் மடிப்பு மேசையில் நிலைமை வேறாக இருந்தது. மேற்பார்வையாளர் ஒரு அடுக்கைத் திருப்பி அனுப்பினார், முனை சரியில்லை என்று. மடிப்பின் கையிலிருந்து ஒரு அடுக்கு திரும்பி வந்ததே இல்லை. இடைவேளையில் அவள் பின்பக்கத்துக் குழாயடியில் நின்று முகம் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். மூன்றாவது முறை கழுவியபோது அக்கா பார்த்துவிட்டாள். பார்த்ததைப் பாராத மாதிரி வந்துவிட்டாள்.

அன்று பிற்பகல் வால்வைத் திருப்பும்போது சட்டைக்கை மேலே ஏறி, அக்காவின் மணிக்கட்டில் வெந்துபோன தழும்பு தெரிந்தது. இன்னும் இளஞ்சிவப்பு மாறாத தோல். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை நின்றுபோயிற்று.

பாய்லர் ஒரு முறை நிற்கவில்லை, இரண்டு முறை நின்றது. முதல் நிறுத்தம் வருஷா வருஷம் நடக்கும் சோதனை, முன்கூட்டியே நாள்காட்டியில் வட்டம் போட்டது. இரண்டாவது, அதற்கு ஐந்து வாரம் கழித்து நீராவிக் குழாய் வெடித்தது. வெடிக்கப் போகிற குழாய்க்கு யாரும் வட்டம் போட்டு வைப்பதில்லை. மடிப்பு மேசைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், நீராவி இல்லை, வீட்டுக்குப் போ. பாய்லர் பக்கத்து ஆளுக்குத்தான் அது வேறு, இது வேறு. குழாய் வெடித்த அன்றுதான் அக்காவின் கை வெந்தது. வீட்டுக்கு வந்ததும் மடிப்பு ஒரு கையால் தன் வயிற்றில் வெந்நீர்ப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அக்காவின் கைக்கு மருந்து தடவினாள். "உங்களுக்குக் கை, எனக்கு வயிறு, நல்ல ஜோடிதான்" என்று அவள் சொல்லி இருவரும் சிரித்தது அக்காவுக்கு அப்படியே நினைவிருந்தது. அப்படியானால் பதின்மூன்று வாரம் இல்லை. எட்டு.

இதைச் சொன்னால் மடிப்பு ஆஸ்பத்திரிக்குப் போவாள். சொல்லாவிட்டால் குழந்தை பிறக்கும்.

ஒன்றரை நாள் அவள் சொல்லவில்லை. அதற்காக அவளை யாரும் மட்டமாக நினைக்கவேண்டாம். முப்பது வயதிலிருந்து ஊர் வாயில் விழுந்து எழுந்தவள். யார் வீட்டு விசேஷத்திலும் குழந்தையைக் கையில் வாங்கத் தயங்கி நின்றவள். அவள் ஒன்றரை நாள்தான் எடுத்துக்கொண்டாள் என்பதை நினைத்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. நானாக இருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

மூன்றாம் நாள் காலை டீ இடைவேளையில் மடிப்பைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினாள்.

"நீ எண்ணினது தப்பு. உனக்கு வயித்து வலி வந்தது சோதனை அன்னிக்கு இல்ல. குழாய் வெடிச்ச அன்னிக்கு. என் கைக்கு மருந்து போட்டியே."

மடிப்பு கையிலிருந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு அசைந்தது, வாரங்களை எண்ணினாள்.

"முந்தாநாளே எனக்குத் தெரியும். சொல்லல," என்றாள் அக்கா. "அதையும் சொல்லிடறேன்."

"ஏன் சொன்னீங்க அண்ணி? உங்களுக்குத்தான் வேணுமே."

"வேணும். அதுக்காக உன்னைத் தேதில ஏமாத்தியா வாங்குறது?"

மடிப்பு அங்கேயே, ஈரத் துணிவண்டிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாள் முகம் கழுவி மறைத்த அழுகை அது. அக்கா பக்கத்தில் நின்றாள். ஆறிப்போன டீயைக் குடித்தாள்.

ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனார்கள். ஸ்கேன் எடுத்த பெண், எட்டு வாரம் சில நாள் என்று எழுதிக் கொடுத்து, நடைபாதைக் கடைசியில் இருந்த அறையைக் காட்டினாள். கதவில் ஆலோசகர் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தவளைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து வாரின தலை, பரீட்சைக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி. இதுவா நமக்குப் புத்தி சொல்லப் போகிறது என்று நினைத்தாள்.

அந்தப் பெண் செய்த முதல் காரியமே அக்காவையும் தம்பியையும் வெளியே அனுப்பியதுதான்.

அக்கா குரலை உயர்த்தினாள். இந்தப் பெண்ணுக்குத் தானே அம்மா, தானே அக்கா, தனக்குத் தெரியாமல் அவளுக்கு ஒன்றும் கிடையாது என்றாள். நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆலோசகர் அசரவில்லை. "தெரியுதுங்க. நீங்க கூட வந்ததே பெரிய விஷயம். யாரா இருந்தாலும் முதல்ல அவங்ககிட்ட தனியாத்தான் பேசுவேன். அவங்க கூப்பிடச் சொன்னா நானே வந்து கூப்பிடறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பிக்கு விட்டது தொல்லை என்று ஆயிற்று, வண்டியைப் பார்க்கப் போய்விட்டான். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தக் கதவு ஒரு மணி நேரம் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசுவதற்கு அந்த ஊமைக்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

திறந்தபோது ஆலோசகரே வந்து, அவங்க உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க என்றாள்.

உள்ளே மடிப்பு தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. ஆலோசகர் அவளிடம், "இப்ப நான் சொன்னதையெல்லாம் உங்க வார்த்தைல அண்ணிகிட்ட சொல்லுங்க. நான் ஒழுங்கா விளக்கினேனான்னு எனக்குத் தெரியணும்," என்றாள். அந்தச் சின்னப் பெண்ணின் சாமர்த்தியத்தை அக்கா அப்போதே கவனித்தாள். தப்பு வந்தால் அது சொல்லிக்கொடுத்தவளின் தப்பு, கேட்டவளுடையது இல்லை என்று ஆக்கிவிட்டாள். கூடத்தில் எந்த மேற்பார்வையாளரும் அப்படிக் கேட்டதில்லை.

"மூணு வழி இருக்காம் அண்ணி," என்று மடிப்பு ஆரம்பித்தாள். "பெத்து நானே வளக்கலாம். பெத்து இன்னொருத்தருக்குக் குடுக்கலாம், ஆனா அதுக்கு முறை இருக்கு, எழுத்து இருக்கு, பொறந்தப்புறம் என் மனசு மாறினா மாறலாம். இல்லன்னா கலைச்சிடலாம். இந்த வாரக் கணக்குக்கு மாத்திரை போதும். வலி இருக்கும், ரெண்டு மூணு நாள் நல்லா ரத்தம் போகும். ஒரு மணி நேரத்துல ரெண்டு பெரிய பேட் நனைஞ்சு, அடுத்த மணி நேரமும் அப்படியே போனா, இல்ல காய்ச்சல் அடிச்சா உடனே இங்க வந்துடணும். மேசைல அந்த அக்கா சொன்னது சரியில்ல. மூணு மாசம் தாண்டினா முறைதான் மாறும், கதவையே சாத்திட மாட்டாங்களாம். ஒரு தடவை கலைச்சா அப்புறம் புள்ளையே பொறக்காதுன்னு சொன்னதும் பொய்யாம்."

ஆலோசகர் ஒரே ஒரு இடத்தில் திருத்தினாள். மாத்திரை சாப்பிட்ட பிறகும் சிலருக்கு முழுதாக ஆகாமல் போகலாம், அதனால் இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் வந்து காட்டவேண்டும் என்றாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நீங்க படிச்சவங்க. எது நல்லதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்க கேட்டுக்கிறோம்."

"நான் சொன்னா உங்க எல்லாருக்கும் லேசா இருக்கும்," என்றாள் ஆலோசகர். "ஆனா சாயங்காலம் நான் என் வீட்டுக்குப் போயிடுவேனே. அந்த முடிவோட இருக்கப்போறது அவங்கதான்."

 

அப்போதுதான் மடிப்பு தலை நிமிராமலேயே பேசினாள். "சின்னவன் பொறந்தப்புறம் எப்படி இருந்தேன்னு இவங்க கேட்டாங்க அண்ணி. அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தேன்."

அந்த ஒரு வருஷம் தனக்குக் குழந்தை அழும் சத்தம் தூரத்தில் யார் வீட்டிலோ கேட்பது போல இருக்கும் என்றாள். பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், ஒன்றும் மனசில் ஒட்டாது. தன்னைவிட வேறு யாராவது அவனுக்கு அம்மாவாக இருந்திருக்கலாம் என்று தினமும் நினைப்பாள். இரண்டு முறை பையனைத் தூங்கவைத்துவிட்டு, ரயில் பாதை வரைக்கும் நடந்து போய்த் திரும்பியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அக்காவுக்கு அந்த வருஷம் நன்றாக நினைவிருந்தது. துவைக்காத துணி, அடுப்பில் தீய்ந்த பால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள். "ஊர்ல வேற யாருமே புள்ள பெக்கலியா?" என்று அப்போது கேட்டதும் நினைவிருந்தது. கேட்டது அவள்தான், அந்த உரத்த குரலில்.

அது ஒரு நோய், நிறைய பேருக்கு வருகிறது, வைத்தியம் உண்டு என்று ஆலோசகர் சொன்னாள். மறுபடி வரலாம், வராமலும் போகலாம். பெற்றுக்கொள்வதென்றால் முதலிலிருந்தே பார்த்துக்கொள்ள டாக்டர் இருக்கிறார். வேண்டாமென்றால் அதற்கும் இங்கே ஆள் இருக்கிறது. மாத்திரைக்கு இன்னும் சில நாள் நேரம் இருக்கிறது, பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டாம் என்று நாலு நாள் கழித்து வரச் சொன்னாள். "எந்த முடிவா இருந்தாலும் வாங்க. முடிவே பண்ணலன்னாலும் வாங்க."

அந்த நாலு நாளும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு பாய்லரைத் தோளில் சுமப்பதற்குச் சமம். தட்டைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். அத்தைக்குத் தொண்டை வலியா என்று சின்னவன் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மடிப்பு வீட்டுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரே வந்து உட்கார்ந்து விரிப்பின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்னு முடிவு பண்ணிட்டேன் அண்ணி."

அக்கா தலையாட்டினாள். அவளுக்குத் தெரியும்.

"உங்க முகத்தைப் பாத்தா சரின்னு சொல்லிடுவேன்னு பயம். அதான் நாலு நாளா உங்களை நேரா பாக்கல. உங்ககிட்ட பெத்துக் குடுத்துட்டு இதே வீட்ல நான் எப்படி இருப்பேன்? அது ராத்திரி அழுதா எந்திரிக்கணுமா, கூடாதா? இந்த ரெண்டுக்கே இப்பத்தான் நான் முழுசா கிடைச்சிருக்கேன். என்னை மறுபடி தொலைச்சுட்டுத் தேட முடியாது அண்ணி."

பத்து வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அக்கா கேட்டதில்லை. இவளையா ஊமை என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தம்பி உள்ளே வந்தான். தனக்கும் அதே பயம்தான், அந்த வருஷம் மாதிரி ஆகிவிடுவாளோ என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை என்றான்.

மடிப்பு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப உனக்கு அது தெரிஞ்சுதான் இருந்துச்சா? பாத்துட்டே சும்மாவா இருந்த?"

  அவன் கீழே உட்கார்ந்து பிள்ளைகளின் சட்டைகளை மடிக்கத் தொடங்கினான். மகா மோசமாக மடித்தான். மடிப்பு அதை எடுத்துத் திருத்தவில்லை.

"கோவமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

"வருத்தம் நிறைய இருக்கு. கோவம் இல்ல. நான் அந்த வருஷம் கேட்ட கேள்விக்கு நீதான் கோவப்படணும்," என்றாள் அக்கா. "எத்தனை மணிக்குக் கிளம்பணும், சொல்லு."

இருபது வருஷத்தில் முதல் முறையாக நீராவி அக்கா மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். வீட்டில் ஆள் தேவை என்றாள், அதற்கு மேல் அவரால் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை. வெந்நீர்ப் பையை மாற்றினாள், கஞ்சி வைத்தாள், எத்தனை பேட் என்று எண்ணி ஆலோசகர் கொடுத்த தாளில் குறித்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வலி அதிகமானபோது மடிப்பு அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. மூன்றாம் நாள் மடிப்பு எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று இரண்டு முட்டை சாப்பிட்டாள்.

இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்குப் போனார்கள். மடிப்பு டாக்டர் அறைக்குள் போனாள். அக்கா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆலோசகர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"அவ நல்லா இருக்கா. ரத்தம் நின்னுடுச்சு, நல்லா சாப்பிடறா..."

"உங்களைக் கேட்டேன்."

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்," என்று அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வாய் கோணியது. இந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் அழக்கூடாது என்று எதிர்ச்சுவரைப் பார்த்தாள், சுவர் கலங்கியது. ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டிலும் சரி, குழந்தை இல்லையே என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர். எப்படி இருக்கிறாய் என்று கேட்டவர் யாரும் அவளுக்கு நினைவில் இல்லை.

"உள்ள வந்து உக்காருறீங்களா? வேணாம்னா வேணாம்," என்றாள் ஆலோசகர்.

டாக்டர் அறையிலிருந்து மடிப்பு வெளியே வந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவள் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அக்கா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், நேரமாயிற்று, தம்பி வண்டியோடு கீழே காத்திருப்பான், வேலைக்குப் போகவேண்டும் என்றாள்.

"அவர் காத்திருப்பாரு. பாய்லரும் காத்திருக்கும்," என்றாள் மடிப்பு. அக்காவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அவள் எழுந்த இடத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். "போய் நிதானமா பேசிட்டு வாங்க அண்ணி. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் இங்கயேதான் இருப்பேன்."